கற்றுக் கொடுத்தால் வேலை போய்விடுமா?



சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்ட கேள்வியே இம்மாதப் பாடத்திற்குக் காரணம். "எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஹெல்ப்பருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், கம்பெனி அவனைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டு என் விசாவை ரத்து செய்துவிடாதா, அண்ணா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியல்ல அது. வளைகுடாவில் நம்மில் பலருக்கு வேலையும், இங்கே தங்கும் உரிமையும், ஊரில் வாங்கிய கடனும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன.

நானும் அந்தப் பயத்தில் இருந்தவன்தான். 1994-ல் அபுதாபியில் ஏ.சி. பராமரிப்பு வேலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். என் சீனியர் கன்ட்ரோல் பேனலைத் திறக்கும்போதெல்லாம், "தம்பி, வண்டியிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து வா" என்று அனுப்பிவிடுவார். மொட்டை மாடியிலிருந்து இறங்கி, மறுபடி ஏறி வருவதற்குள் பேனல் மூடியிருக்கும். ஸ்பேனர் தேவைப்படவே படாது!

ஆறு ஆண்டுகள் கழித்து நான் சீனியர் ஆனேன். நானும் என் ஹெல்ப்பரை ஸ்பேனர் எடுக்க அனுப்பினேன். ஓர் ஆகஸ்ட் மாதம் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கட்டடத்தில் மெஷின் நின்றுவிட்டது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. குடியிருந்தவர்கள் இரண்டு இரவு புழுக்கத்தில் தவித்தார்கள். நான் திரும்பி வந்தபோது கேம்ப்பில் அவன் கட்டில் காலியாக இருந்தது. வேலை தெரியாதவன் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மக்ரெகர் பர்ன்ஸ் 1978-ல் எழுதிய நூலில் தலைமையை இரண்டு வகையாகப் பிரித்தார். கொடுத்ததற்கு ஈடாக வேலை வாங்குவது ஒரு வகை. தலைவரும் உடனிருப்பவர்களும் ஒருவரையொருவர் உயர்த்துவது மற்றொரு வகை. இரண்டாவதைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை, மதுரை போதும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ மருத்துவர் ஆகவே விரும்பினார். ஆனால் முப்பது வயதளவில் கடுமையான மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே சிரமமாயிற்று. நீண்ட காலம் படுக்கையில் கிடந்து எழுந்தவர், கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். பிற்பாடு தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இத்தனை பாடுபட்டு வந்த கைத்திறனை ஒருவர் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாலும் நாம் குறை சொல்ல மாட்டோம். அவரோ வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சி தரும் முறை அங்கே வளர்ந்தது. பார்வையைச் சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவையின்போது உடனிருந்து உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர் ஒரு மேஜையில் முடித்துத் திரும்பினால், அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஏராளமான ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை கொடுக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தரவே தனி நிறுவனமும் வைத்தார்கள். டாக்டர் 2006-ல் மறைந்தார். பணி நிற்கவில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு நேராகவே சொல்கிறேன். கற்றுக் கொடுத்தவரை வெளியே அனுப்பும் கம்பெனி இல்லவே இல்லை என்று நான் உறுதி தர முடியாது. என் விஷயத்தில் நடந்தது இதுதான்: அதற்குப் பிறகு மூன்று பேருக்குப் பேனலைத் திறந்து காட்டினேன். பழைய கட்டடங்களை அவர்கள் பார்த்துக்கொண்டதால் புதிய சைட்டுக்கு என்னை ஃபோர்மேனாக அனுப்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் இப்போது தோஹாவில் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாருங்கள். உங்கள் வேலையிடத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த வேலை எது? அது நடக்கும் நேரத்தில் உங்கள் ஹெல்ப்பரை எங்கே அனுப்புகிறீர்கள்? பெயர் எழுத வேண்டாம்.