சம்பளப் பதிவேட்டின் காலிப் பக்கங்கள்

செமஸ்டருக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருப்பீர்கள்தானே? கையில் ஏதோ ஒரு சீனியர் தனக்காக எழுதி வைத்த நோட்ஸ் இருக்கும். அவர் பாஸாகி வேலைக்கே போயிருப்பார். நோட்ஸ் மட்டும் வருஷா வருஷம் கை மாறிக்கிட்டே இருக்கும். அப்படி நோட்ஸ் எழுதிய ஒருத்தரின் முகம் இன்று அமெரிக்காவின் பத்து டாலர் நோட்டில் இருக்கு. பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

கரீபியன் கடலில் நெவிஸ் என்ற குட்டித் தீவில் பிறந்தவர். பிறந்தது 1755-ஆ 1757-ஆ என்று இன்னும் விவாதம் ஓடுது. அப்பா குடும்பத்தை விட்டுப் போனார். 1768-ல் அம்மா காய்ச்சலில் இறந்தார். பையன் செயின்ட் குரோய் தீவில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதினான். 1772-ல் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அதைப் பற்றி அவன் எழுதிய கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் அசந்துபோய், பணம் திரட்டி அவனை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஒரே ஒரு கடிதம்தான், வாழ்க்கையே மாறிடுச்சு.

நியூயார்க்கில் கிங்ஸ் காலேஜ் (இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம்). படிப்பு முடியும் முன்னே பிரிட்டனுக்கு எதிரான போர் வந்துவிட்டது. 1776 மார்ச்சில் பீரங்கிப் படை ஒன்றுக்கு கேப்டன். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருது. படைவீரர்களின் சம்பளப் பதிவேட்டில் காலியாக இருந்த பக்கங்களில் இவர் பாடம் எழுத ஆரம்பித்தார். வணிக அகராதி ஒன்றைப் படித்து, நாணய மாற்று எப்படி ஏறி இறங்குது, எந்த நாடு எதை விற்குது என்று குறிப்பு எடுத்தார். எந்த பரீட்சைக்கும் இல்லை. பின்னாளில் நாட்டின் முதல் நிதி அமைச்சர் ஆகப்போகிறோம் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து நான்கு வருஷம் ஜார்ஜ் வாஷிங்டனின் உதவியாளர். தளபதியின் கடிதங்களை எழுதித் தரும் வேலை. மனுஷனுக்கோ போர்க்களம் வேணும். கடைசியில் 1781 அக்டோபர் 14 இரவு, யார்க்டவுனில் ஒரு பிரிட்டிஷ் காப்பரணைத் தாக்கும் படைக்குத் தலைமை கிடைத்தது. துப்பாக்கியில் குண்டு போடாமல், வெறும் துப்பாக்கி ஈட்டியோடு பாய்ந்து சில நிமிஷங்களில் பிடித்தார்கள்.

போர் ஓய்ந்ததும் வக்கீல் ஆகணும். நியூயார்க் விதிப்படி மூன்று வருஷம் ஒரு வக்கீலிடம் பயிற்சி எடுக்கணும். போருக்கு முன்பே சட்டம் படிக்கத் தொடங்கிய ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. அந்த வழியாக நுழைந்தார். ஆல்பனியில் ஒரு நண்பரின் நூலகத்தில் உட்கார்ந்து சில மாதங்களில் படித்து, 1782 ஜூலையில் வக்கீல் ஆனார். அப்போது கோர்ட் நடைமுறைக்கு அங்கே ஒழுங்கான புத்தகமே கிடையாது. அதனால் தலைப்பு வாரியாகத் தனக்கே ஒரு கையேடு எழுதிக்கொண்டார். பின்னால் வந்த சட்ட மாணவர்கள் அதைக் கையால் நகல் எடுத்துப் படித்தார்கள். அவங்க ஊர் ஜெராக்ஸ்!

1784-ல் ஒரு வழக்கு. எலிசபெத் ரட்கர்ஸ் என்ற விதவை, பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்தபோது தன் மதுவடிப்பாலையை விட்டு ஓடினார். பிரிட்டிஷ் ஆதரவு வணிகர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். போருக்குப் பின் அந்த அம்மா 8,000 பவுண்டு வாடகை கேட்டார். மாநிலச் சட்டமும் ஊர் மனசும் அவர் பக்கம். ஹாமில்டனோ எதிர்த்தரப்புக்கு ஆஜரானார், நேற்று வரை யாரை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அவர்கள் தரப்புக்கு! நாடு கையெழுத்திட்ட சமாதான உடன்படிக்கையை ஒரு மாநிலச் சட்டம் மீற முடியாது என்பது அவர் வாதம். தீர்ப்பு பாதிப்பாதியாக வந்தது: ராணுவ அனுமதியோடு ஆலை நடந்த காலத்துக்கு வாடகை இல்லை, மற்ற காலத்துக்கு உண்டு. பத்திரிகைகள் திட்டின, சட்டமன்றம் கண்டித்தது. ஆனால் 1787-ல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் உடன்படிக்கைகள் மாநிலச் சட்டத்துக்கு மேலே என்று தெளிவாகவே இருக்கு. அந்த அரசியலமைப்பை ஆதரித்து வந்த 85 கட்டுரைகளில் 51 இவருடையது. 1789-ல் நிதி அமைச்சர். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்க வைத்ததும், 1791-ல் தேசிய வங்கி தொடங்கியதும் இவர்தான்.

இதோடு நிறுத்தினால் பொய் சொன்ன மாதிரி ஆகிடும். எதையும் எழுதித் தீர்த்துவிடலாம் என்ற நினைப்பே அவரைக் கவிழ்த்தது. ஊழல் புகார் வந்தபோது, அரசுப் பணத்தைத் தொடவில்லை என்று நிரூபிக்க, திருமணத்துக்கு வெளியே தனக்கிருந்த உறவைத் தானே ஒப்புக்கொண்டு 1797-ல் புத்தகமே போட்டார். மனைவி எலைசா என்ன பாடுபட்டிருப்பார்? 1800-ல் தன் கட்சி ஜனாதிபதியையே தாக்கி இன்னொன்று. கட்சி உடைந்தது.

1804-ல், தன்னைக் கேவலமாகப் பேசினார் என்று ஆரன் பர் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். முதல் குண்டை வேண்டுமென்றே வீணாக்கப்போவதாக ஹாமில்டன் முன்பே எழுதி வைத்தார். ஜூலை 11 காலை குண்டடி பட்டு, மறுநாள் இறந்தார். நாட்டின் கடனை ஒழுங்குபடுத்தியவர் வீட்டுக்குக் கடனை விட்டுப் போனார். நண்பர்கள்தான் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

எலைசா அதற்குப் பின் ஐம்பது வருஷம் இருந்தார். கணவரின் கடிதங்கள் யார் யாரிடம் இருக்கு என்று விசாரித்து, கேட்டு வாங்கிச் சேர்த்தார். 1854-ல் இறக்கும்போது அவருக்கு வயது 97.