சங்கத்துக்காரர் முதல்வரானால்

கேள்வி: தொழிற்சங்கத்தில் கொடி பிடித்துப் பழகியவரால் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்ய முடியுமா? கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தனை வைத்துச் சொல்லுங்களேன். – வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியும். ஆனால் கொடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்ததால் அல்ல. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்று, தையற்கடையிலும் பிறகு ஆலப்புழை கயிறு தொழிற்சாலையிலும் வேலை பார்த்த இளைஞரை, குட்டநாட்டு வயல்கூலிகளிடம் சங்கம் கட்ட அனுப்பியவர் கம்யூனிஸ்ட் தலைவர் பி. கிருஷ்ணபிள்ளை. வயல் போனால் அறுப்புக் கூலியும் போகும் என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. 1990களின் பிற்பகுதியில், நெல்வயலை மாற்றிப் பயிரிட்டதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் அவர் தலைமையில் போராடியபோது, பயிரை வெட்டிச் சாய்க்கும் கூட்டம் என்று அச்சுதானந்தனைத் திட்டாத ஆள் குறைவு. 2006இல், 82 வயதில் முதல்வரானார். 2008இல் அவர் அரசே நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வயலில் கேட்ட கோரிக்கைதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

மூணாறில் அரசு நில ஆக்கிரமிப்புகளை அகற்ற அவர் அரசு எடுத்த நடவடிக்கை பாதியில் நின்றதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதை முடக்கியது நிர்வாகம் தெரியாமை அல்ல, சொந்த முன்னணிக்குள் எழுந்த எதிர்ப்பு. தன் மார்க்சிஸ்ட் கட்சிக்குள் சண்டை போட்டு 2009இல் அரசியல் தலைமைக்குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்; முதல்வர் பதவியில் நீடித்தார் (இது அவருக்கே உரிய சாமர்த்தியம்). 2011 தேர்தலில் 140 இடங்களில் அவர் அணிக்கு 68 கிடைத்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றியே பழகிய மாநிலத்தில், நிர்வாகம் தெரியாதவருக்கு விழும் வாக்கா இது?