இடிந்த மனையும் இருக்கும் மனையும்

பண்டை மக்களின் வாழ்வை அறிய விழைவோர் பெரும்பாலும் அரசர் கோட்டையையும் கோயிற் கோபுரத்தையுமே நாடிச் செல்கின்றனர். உண்டு, உறங்கி, மக்களை வளர்த்து, மூத்து மறைந்த எளியோரின் இல்லங்களைக் காணச் செல்வோர் சிலரே. அவ்வில்லங்களை அறிதற்குச் சான்றுகள் மூன்று உள. அவை நூல், அகழ்வு, வழக்கு என்பன. இவற்றுள் முன்னிரண்டையும் காப்பார் உளர். மூன்றாவதோ நம் கண்ணெதிரே அழிகின்றது. சென்ற விடுமுறையில் யாம் இவ்வுண்மையை உணர்ந்தவாற்றை ஈண்டுக் கூறுதும்.

முதற்கண் நூற்சான்று. நெடுநல்வாடையில் நக்கீரர், நண்பகலிற் கோல் நட்டு நிழல் நோக்கித் திசை தெரிந்து, கயிறிட்டு அரண்மனை வகுத்த செய்தியைக் கூறுகின்றார். பெரும்பாணாற்றுப்படையிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார், எயினர் குடில் முதலாக அந்தணர் மனை ஈறாகப் பலர் உறையுளையும் காட்டுகின்றார். அந்தணர் மனையிற் பந்தற்காலிற் கன்று கட்டியிருப்பதையும், தரை சாணத்தால் மெழுகியிருப்பதையும் அவர் விடாது சொல்கின்றார். எனினும், அறையின் அகலம் எத்துணை, மழைநீர் எவ்வழி ஓடிற்று என்பனவற்றைப் புலவர் கூறார். கூறுதல் அவர்தம் கடனுமன்று.

இனி அகழ்வு. இதனைக் காண்பான் வேண்டி மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடிக்குச் சென்றோம். அங்கே இந்தியத் தொல்லியல் துறையினர் 2014-15-இல் அகழத் தொடங்கினர். 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறையினர் அப்பணியை மேற்கொண்டனர். 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்த பொருளொன்று கி.மு. 580-ஐச் சார்ந்ததென ஆய்ந்து 2019-இல் வெளியிட்டனர். செங்கற்சுவர், உறைகிணறு, நீர் செல்லும் சுடுமண் குழாய், நூல் நூற்கும் தக்களி, பகடை, சிறுவர் ஆடும் வட்டச்சில்லு ஆகியன கிடைத்துள்ளன. பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள. 5-3-2023-இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் இவ்வகைப் பொருள்களைக் கண்டோம். எம்மைப் பெரிதும் கவர்ந்தது கூரையோடு ஒன்றே. மழைநீர் வடிதற்பொருட்டு ஈரமண்ணில் விரலால் இழுத்த பள்ளம் அதில் இன்றும் அழியாதிருக்கின்றது. இழுத்தவன் பெயர் தெரியாது. அவன் விரலின் அகலம் தெரிகின்றது.

ஆயினும், சுவர்கள் துண்டு துண்டாகவே நிற்றலின், எது அடுக்களை, எது முற்றம் எனத் துணிய எம்மால் இயலவில்லை. மக்கள் நெடுங்காலம் வாழும் ஊரிற் பழஞ்செங்கல் புதுச்சுவருக்குப் போய்விடுதல் இயல்பன்றோ? கிரேக்க நாட்டின் வடபாலுள்ள ஒலிந்தஸ் நகரின் நிலை வேறு. கி.மு. 348-இல் மக்கெதோனிய மன்னன் பிலிப்பு அதனை அழித்தான். 1928 முதல் ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை அகழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை வெளிப்படுத்தினார். வரிசைக்கு ஐந்தாக இருவரிசையிற் பத்து வீடுகள் ஒரு தொகுதியாம். வரிசைகளினிடையே ஒரு குறுஞ்சந்து. வீடு ஒவ்வொன்றும் பக்கத்திற்கு ஏறக்குறைய 17 மீட்டர் உடையது. நடுவே திறந்த முற்றம். அதன் வடபால் தாழ்வாரம். மண்கட்டிச் சுவர் கரைந்தது, கல்லடித்தளம் எஞ்சிற்று. அங்கே அழிவே வீட்டைக் காத்தது எனலாம்.

மூன்றாவதாகிய வழக்கினை யாம் கண்டது கல்லிடைக்குறிச்சியில். எம் வகுப்பு நண்பர் ஒருவரின் ஆச்சி அவ்வூரில் ஓட்டு வீடொன்றில் வாழ்கின்றார். திண்ணை, தார்சா, பட்டாசல், நடுவே மானவெளி, அப்பால் அடுக்களை, பின்னே கிணறு என்பது அதன் அமைப்பு. மானவெளி 14 அடி நீளமும் 11 அடி அகலமும் உடையது. நாற்புறக் கூரைநீரும் அதில் வீழ்ந்து ஒரு மூலை வழியே வெளியேறும். யாம் அளந்து வரைந்த படத்தை ஆச்சியிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்து, "அளவெல்லாம் சரிதான் மக்கா. உளுந்து காயப்போட்டது எங்கே, பிள்ளை பெற்றவள் படுத்தது எங்கே என்று ஒன்றும் எழுதவில்லையே?" என்றார். யாம் நாணித் தலைகவிழ்ந்தோம்.

பின்னர்க் கீழடிக் குழாயின் படத்தைக் காட்டினோம். "இது அங்கணத்துக் குழாய் போலல்லவா இருக்கிறது" என்றார். அச்சொல் எம்மைத் திடுக்கிடச் செய்தது. அங்கணம் என்பது திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் வரும் சொல். யாம் அதனை உரைநூலிற் படித்தோம். ஆச்சியோ அதில் நாள்தோறும் பாத்திரம் கழுவுகின்றார். அவர் கூறியதே முடிந்த முடிபென யாம் துணியோம். எனினும், நூலும் அகழ்வும் வழக்கும் ஒரு சொல்லில் வந்து கூடியதைக் கண்டோம்.

அவ்வீடு வருகின்ற தையில் இடிக்கப்படும். உரிமையுடையார் பலர்; வெளியூர்களில் வாழ்கின்றனர்; ஓடு மாற்றவும் ஆளில்லை. அவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருந்து பார்த்தவர் அவரே. ஆதலின், யாம் செய்யக்கூடியதைச் செய்தோம். மீண்டும் இருநாள் தங்கி, ஒவ்வோரிடத்தின் பெயரையும் பயனையும் ஆச்சி சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டோம். அக்குறிப்பு நாற்பது பக்கம் உளது.

வீட்டைக் காத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. அளந்து கேட்டு எழுதுதல் எவர்க்கும் இயலும். இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்கள் அடுத்த விடுமுறையில் ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு தத்தம் பாட்டனார் இல்லம் செல்வாராக. சுவரை முன்னர் அளக்கவேண்டா. முதியோரை முன்னர்க் கேட்க. சுவர் இடிந்தாலும் அடித்தளம் எஞ்சும். அவர் மறைந்தபின் அச்சொற்களை அகழ்ந்தெடுக்க எத்துறையாலும் இயலாது.