கலங்கிய நீரும் கொதிக்கும் யந்திரமும்

சேலம் நகரை அடுத்துச் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெண்ணிறக் குன்றுகள் சில உள. அவற்றின் நிறத்தைக் கண்ட ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், எனப் பெயரிட்டனர். ஆனால் அவ்வெண்மைக்குக் காரணம் சுண்ணக்கட்டி அன்று. மாக்னசைட் என்னும் மக்னீசியக் கனிமமே யாகும். நிறத்தைக் கொண்டு பொருளைத் துணிதல் பிழைபடும் என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டுவதில்லை. மோட்டார் வண்டியின் யந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுங்கால், அதன் குளிர்நீர் கலங்கியிருத்தலைக் கண்டவுடனே கோளாறு இன்னதெனத் துணிவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கலக்கம் ஒன்றுபோல் தோன்றினும் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி நம் வட்டாரத்தார்க்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலாலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் பெயர்பெற்றவை. தொப்பூர்க் கணவாயும், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளும், கொல்லிமலைப் பாதையின் 70 வளைவுகளும் ஏறிச் செல்லும் யந்திரத்தின் வலிமையைச் சோதிப்பன. கடன் பெற்று ஒரே வண்டி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போர் நம்மிடையே உளர். யந்திரம் ஒருமுறை வெந்து அதன் தலைப்பகுதி கோணிவிடின், அக்குடும்பத்தின் வருவாய் பட்டறை வாயிலிலே நின்றுவிடும். காரணம் அறியாமல் நல்ல யந்திரத்தைப் பிரித்துப் போடுவதும் அதற்குக் குறையாத நட்டமே.

முதற்கண் குளிர்விக்கும் முறையைச் சுருங்க நோக்குவோம். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகின்றது. மற்றொரு பகுதி புகையோடு வெளியேறும். எஞ்சியதை யந்திரச் சுவர்களினூடே ஓடும் திரவம் ஏற்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடும். தூய நீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அதனை இறுக்கமான மூடியிட்டு, வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 1 பார் மிகுந்த அழுத்தத்தில் வைப்பின், 120 டிகிரி அளவும் கொதியாது. கூலண்ட் என்னும் திரவத்தின் முதற்பொருளாகிய எதிலீன் கிளைகாலைச் சேர்ப்பின் கொதிநிலை இன்னும் சற்று உயரும். நம் சமவெளியில் நீர் உறைவதில்லை யாதலின் கூலண்ட் நமக்கு வேண்டா என்பார் சிலர். அது பொருந்தாது. உறைதலைத் தடுப்பதோடு, உலோகம் அரிபடாமற் காக்கும் மருந்துகளும் அதில் உண்டு. நமக்கு இன்றியமையாதன அவையே.

யந்திரம் சூடேறினால் எளிய காரணங்களை முன்னர் விலக்குதல் வேண்டும். நீர்மட்டம் குறைந்ததா, பேன் பெல்ட் தளர்ந்ததா, விசிறி சுழலவில்லையா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, ரேடியேட்டரின் இதழ்களைத் தூசி அடைத்ததா என்று பார்க்க. இவை யாவும் செம்மையாயிருந்தும் சூடு தணியாதாயின், உள்ளே ஓடும் திரவத்தை ஆராய்வோம்.

யந்திரம் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. அழுத்தத்தால் கொதியாது அடங்கியிருந்த நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ப் பொங்கி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். ஆறியபின், திரவத்தில் ஒரு பகுதியை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் எடுத்து ஓரிரவு அசைக்காமல் வைக்க. எண்ணெய் மேலே மிதக்கும். துருவும் உப்பும் அடியிற் படியும். செலவில்லாத இச்சோதனை ஐயங்களிற் பலவற்றை நீக்கும்.

அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பின், உப்புநீரை நாம் ஐயுறல் வேண்டும். பாறைப் பிளவுகளில் நெடுநாள் தங்கிய கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் இவற்றின் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். சூடேறியவுடன் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கார்பனேட்டாகிச் சுவரிற் படியும். நம் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தே ஏறும் வெண்கறையும் இதுவே. இப்படிவு வார்ப்பிரும்பைவிடப் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் திரவம் நிறைந்திருந்தும் யந்திரம் வேகும். படிவின்மேல் எலுமிச்சஞ்சாறு பிழியின் கால்சியம் கார்பனேட் நுரைக்கும். மக்னீசியம் கார்பனேட்டோ குளிர்ந்த அமிலத்தில் மெல்லவே கரையுமாகலின், நுரையாமை ஒன்றைக் கொண்டே உப்பில்லை யெனத் துணிதல் கூடாது. வழியிலுள்ள பம்புசெட்டில் நீர் பிடித்து ஊற்றும் வழக்கம் உண்டா என ஓட்டுநரை வினவுதலும் நன்று.

செம்பழுப்பு வண்டல் இருப்பின், அது துருவாக இருத்தல் கூடும். நல்ல கூலண்ட் காரத்தன்மை யுடையது. நீல லிட்மஸ் தாளை அதில் தோய்க்கச் சிவப்பாயின், மருந்துகள் தீர்ந்து திரவம் அமிலமாயிற்று என்பது தெளிவு. ஆயினும் பழுப்புச் சேறு அனைத்தும் துருவன்று. ஒழுக்கை அடைக்கவென்று முன்பு எவரேனும் இட்ட தூளும் சேறாய்த் திரளும். ஒன்றோடொன்று ஒவ்வாத இருவகைக் கூலண்டுகளைக் கலப்பினும் சில வேளைகளில் கூழ்போல் உறைந்து நுண்குழாய்களை அடைத்துவிடும். பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்கள் செய்வோர் இடும் சாயமேயன்றி வகையைக் காட்டும் முத்திரை யல்ல. வண்டிக்குரிய புத்தகத்தில் விதித்த வகையையே கொள்ளல் வேண்டும்.

மேலே எண்ணெய்ப் படலமோ, பாலாடை போன்ற குழம்போ காணின், ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பலர் முடிவுகட்டுவர். அவசரம் வேண்டா. எண்ணெய் புகும் வழிகள் மூன்று. ஹெட் கேஸ்கட்டின் பழுதோ தலைப்பகுதியின் வெடிப்போ முதலாவது. யந்திர எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் ஓட்டை இரண்டாவது. லாரிகளில் இதனை மறத்தல் ஆகாது. தானே கியர் மாறும் கார்களில், ரேடியேட்டருக்குள் அமைந்த கியர் எண்ணெய்க் குழாயின் கசிவு மூன்றாவது. அவ்வெண்ணெய் பெரும்பாலும் சிவப்பாதலின் குழம்பு இளஞ்சிவப்பாய்த் தோன்றக்கூடும். யந்திரம் ஓடுங்கால் எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தினும் மிகுதி. ஆகவே ஓட்டை வழியே எண்ணெய் நீருட் புகும். நிறுத்தியபின் எண்ணெயின் அழுத்தம் விழ, நீர் எண்ணெயுட் புகுதலும் கூடும். ஆதலால் ஆயில் ஸ்டிக்கையும் கியர் எண்ணெயையும் தவறாது பார்த்தல் வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்குழம்பு காணின், அது குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்ததாகவும் இருக்கலாம்.

அவ்வாறாயின் ஹெட் கேஸ்கட்டின் பழுதை உறுதி செய்வது எங்ஙனம்? எரிந்த புகை நீருட் புகுந்ததா என்று காண்பதே வழி. புகையில் கரியமில வாயு உண்டு. ரேடியேட்டரின் வாயில் சோதனைக் குழலைப் பொருத்தி, யந்திரத்தை ஓடவிட்டு, நீருக்கு மேலுள்ள காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுப்பர். கரியமில வாயு இருப்பின் நீலம் மஞ்சளாகும். டீசல் யந்திரத்தில் பச்சையளவில் நிற்பதும் உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதிப் பாலாக்கிக் கண்ட நம் மாணவர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. சோதனைத் திரவத்தினுள் கூலண்ட் ஒரு துளியும் ஏறலாகாது. ஏறின் முடிவு பிழைபடும். இச்சோதனை புகையில்லை யென மீண்டும் மீண்டும் காட்ட, எண்ணெய் மட்டும் மிதக்குமாயின், தலையைக் கழற்றுமுன் ஆயில் கூலரை அழுத்தமேற்றிச் சோதித்தல் அறிவுடைமை.

காரணம் தெளிந்தபின் பரிகாரமும் அவ்வரிசையிலேயே அமைதல் வேண்டும். கசிவை அடைக்காமற் கழுவினால் ஓரிரு நாளில் எண்ணெய் மீண்டும் மிதக்கும். கசிவை நீக்கி, உரிய கழுவுநீரால் தெளிந்த நீர் வரும்வரை பலமுறை அலசுக. எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களை மாற்றுக. பின்னர் உப்பு நீக்கிய நீரோடு உரிய கூலண்டை விதித்த அளவிற் கலந்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றி நிரப்புக. ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் புட்டியில் எடுத்துப் பார்த்தலே மருத்துவம் பலித்ததா என்பதற்குச் சான்று.

வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ தரையிலோ விடுதல் தகாது. எதிலீன் கிளைகால் இனிப்பானது, கொடிய நஞ்சுமாவது. தேங்கியதைக் குடித்த நாயும் ஆடும் மாளும். மூடிய கலத்தில் இட்டுக் குழந்தைகட்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவெண்ணெய் முதலியவற்றை முறையாக அகற்றுவோரிடம் தனியே ஒப்புவித்தலே கடமை.

இத்தனைக்கும் வேண்டியவை ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு லிட்மஸ் தாள், ஒரு சோதனைக் குழல், ஓரிரவுப் பொறுமை ஆகியவையே. நம் கல்லூரிச் சோதனைச்சாலையில் கற்கும் ரசாயனம், நெடுஞ்சாலை ஓரத்தில் ஆவி கக்கி நிற்கும் வண்டிக்கும் உதவுவதாகும். நம் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அண்டையிலுள்ள லாரி ஓட்டுநர் ஒருவர்க்கேனும் இம்முறையை எடுத்துரைப்பாராயின், கற்றதன் பயன் அவர்தம் வீட்டு அடுப்பிலும் விளங்கும்.