ஓட்ஸ் குக்கீஸ் வீட்டிலேயே: போடி ஏலக்காய் மணக்கும் முழுமையான வழிகாட்டி

தேனி, சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊர்ப் பேக்கரியில் நுழைந்தாலும் வெண்ணெய் பிஸ்கட்டும் தேங்காய் பிஸ்கட்டும் கண்ணாடி ஜாடியில் நிற்கும். ஓட்ஸ் குக்கீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் பாக்கெட்டில் வந்த சரக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டில் செய்வது அதைவிடச் சுவை, முறுக்கு சுடுவதைவிடச் சுலபம். ஒரே ஒரு நிபந்தனை: பிஸ்கட் போல மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் வைத்திருக்கக் கூடாது. ஓரம் முறுகி நடு மெத்தென்று இருப்பதுதான் இதன் பதம். கீழே சொல்லும் எல்லாமே அந்தப் பதத்துக்காகத்தான்.

டம்ளர் கணக்கை கிராமுக்கு மாற்றுவது

எங்கள் அத்தையின் நோட்டில் இந்தச் செய்முறை நாலே வரி. ரெண்டு டம்ளர் ஓட்ஸ், ஒரு டம்ளர் மாவு, முக்கால் டம்ளர் சர்க்கரை, கைகொள்ளும் அளவு வெண்ணெய். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது போதும். புதிதாகச் செய்பவர் எடை பார்ப்பதே நல்லது. ஏனென்றால் 200 மில்லி டம்ளரில் ஓட்ஸ் 75 கிராம் சொச்சம்தான் பிடிக்கும். கோதுமை மாவு 100-க்கு மேல் போகும். சர்க்கரை 165-ஐத் தொடும். யார் டம்ளர், தலைதட்டியா குவித்தா என்பதிலேயே பண்டம் மாறிவிடும்.

ஏறக்குறைய 20 குக்கீஸுக்கு வேண்டியவை: ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், நாட்டுச்சர்க்கரை 90 கிராம், வெள்ளைச் சர்க்கரை 40 கிராம், முட்டை ஒன்று, ஆப்ப சோடா அரை தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் எட்டு, உலர் திராட்சை 70 கிராம். முட்டை சேர்க்காத வீட்டில் கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி. தயிர் போட்டால் கொஞ்சம் கேக் மாதிரி மெதுவாக வரும், குறையொன்றும் இல்லை.

ஓட்ஸ் எதை வாங்குவது

மசாலா ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். உடனடி ஓட்ஸ் மெல்லியதாக நறுக்கியது. மாவோடு கரைந்துவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. ‘ரோல்டு ஓட்ஸ்’ என்று அட்டையில் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். தானியத்தை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்கியது அது. கெட்டி அவல் போல இதழ் இதழாக இருக்கும். மாவில் கலக்கும் முன் வெறும் வாணலியில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். அமெரிக்கச் செய்முறைகளில் பெரும்பாலும் இது இருக்காது. ரவையை வறுக்காமல் உப்புமா கிண்டாத நமக்கு இது தானாக வரும், சுவையும் கூடும்.

ஏலக்காயும் திராட்சையும்

மேல்நாட்டில் இதற்குப் பட்டைத்தூள் போடுவார்கள். போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் பட்டையைத் தேட வேண்டும்? மலைக்கு மேலே இடுக்கித் தோட்டங்களில் விளைவதும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்காக போடிக்கு இறங்கி வருகிறது. கடையில் 8 மில்லிமீட்டர் பருவட்டுக் காய்க்கு விலை அதிகம். அது பாயசத்தில் முழுசாக மிதக்க, பரிசாகக் கொடுக்க. பொடிக்கப் போகிறவருக்கு அதைவிடச் சிறிய காய் போதும். பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு காயைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே விதை கறுத்து, விரலில் லேசாக ஒட்டினால் நல்ல சரக்கு. தோலை நீக்கி விதையை மட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு உரலில் இடித்துக்கொள்ளுங்கள். பொடியாகப் பாக்கெட்டில் வருவதை வாங்காதீர்கள். திறந்த சில நாளிலேயே மணம் போய்விடும்.

அடுத்து திராட்சை. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பந்தல்களில் ஆண்டு முழுக்கக் காய்க்கிற கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதில் விதை உண்டு, சாறும் அதிகம். பழமாக அப்படியே மாவில் போட்டால் சுற்றிலும் கொழகொழத்துவிடும். உள்ளே சேர்க்க விதையில்லாத உலர் திராட்சையே சரி. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கிச் சேருங்கள். இல்லாவிட்டால் அடுப்பில் கருகிக் கசக்கும். பன்னீர் திராட்சைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழத்தை வேகவைத்து, வடிகட்டி விதை நீக்கி, சர்க்கரை போட்டுக் கெட்டி ஜாமாகக் காய்ச்சுங்கள். ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் கட்டை விரலால் குழித்து அரை தேக்கரண்டி வைத்துச் சுடலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

மாவு சேர்ப்பது

வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், அவ்வளவு இளக்கம் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பதம் வந்துவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் குளிர்ந்த நீரில் அலசி, மோர் இல்லாமல் பிழிந்துவிடுங்கள். நெய் ஊற்றுவதானால் 90 கிராம் போதும், அதில் தண்ணீர் கிடையாது.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் மரக்கரண்டியால் நிறம் வெளுக்கும்வரை குழையுங்கள். முட்டையையோ தயிரையோ சேர்த்து ஒரு அடி அடியுங்கள். மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி நான்கையும் சலித்துப் போட்டு, ஓட்ஸையும் திராட்சையையும் கொட்டிக் கிளறுங்கள். பிசையக் கூடாது. மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்தினால் குக்கீஸ் இறுகிப் போகும்.

கேழ்வரகோ கம்போ சேர்க்க ஆசை இருந்தால் கோதுமையில் 30 கிராமைக் குறைத்து அதைப் போடலாம். அதற்கு மேல் போனால் உதிரும்.

மூடி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெண்ணெய் இறுகும். இதைத் தவிர்த்தால் தட்டு முழுக்க ஒரே அப்பளமாகப் பரவிவிடும்.

சுடுவது

ஓடிஜி அடுப்பை 175 டிகிரியில் கால்மணி நேரம் முன்பே சூடாக்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் இந்த அடுப்பைத் தாங்காது. 30 கிராம் எடையில் உருட்டி, லேசாகத் தட்டி, மூன்று விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். 11 முதல் 13 நிமிடம்.

பத்தாவது நிமிடத்திலிருந்து அடுப்பை விட்டு நகராதீர்கள். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகாதது போல ஈரமாகத் தெரியும்போதே வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வரும், இன்னும் இரண்டு நிமிடம் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். சூடான தட்டு வெளியிலும் அடிப்பக்கத்தை வேகவைத்துக்கொண்டே இருக்கும். உருகிய சர்க்கரை ஆறும்போதுதான் இறுகும். தட்டிலேயே பத்து நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். எடுத்தவுடன் தூக்கினால் உடையும். உடைந்ததைப் பார்த்து வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளினால் மறுநாள் பல் பெயரும்.

அடுப்பு இல்லாதவர்கள் பழைய அடிகனமான பாத்திரத்தில் செய்யலாம். ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே முக்காலி வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். புதுக் குக்கரை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் கெட்டுப்போகும். நெய் தடவிய தட்டில் நாலைந்து உருண்டைகளை வைத்து இறக்கி, தீயைக் குறைத்து 18 முதல் 22 நிமிடம். மேற்புறம் சிவக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். ஒன்றைத் தோசைத் திருப்பியால் லேசாகத் தூக்கி, அடி சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்து வைப்பது

முழுக்க ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குமுளிப் பக்கமிருந்து சாரல் இறங்கும் கம்பம், கூடலூரில் இரண்டே நாளில் நமத்துவிடும். அப்போது 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் சரியாகும். பாதி மாவைச் சுடாமல் உருட்டி உறைபெட்டியில் வைத்துவிடுவது இன்னும் நல்ல வழி. விருந்தாளி வந்ததும் அப்படியே எடுத்து, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டுக் கொடுக்கலாம்.

ஓட்ஸ் என்று பேர் இருப்பதால் இதைச் சர்க்கரை நோயாளிக்கான பத்தியப் பண்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு குக்கீயில் ஓட்ஸ் ஏழரை கிராம் என்றால் சர்க்கரை ஆறரை கிராம், வெண்ணெய் ஐந்தரை கிராம் இருக்கிறது. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால் டப்பாவை அவர் முன்னால் வைக்காமல், ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.