பட்டினி கிடந்தால் எடை குறையுமா?

ஒன்பதாம் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தியபோது, "உட்கொள்ளும் ஆற்றல் குறைந்தால் எடை குறையும்" என்று கரும்பலகையில் எழுதினேன். மறுவாரம் ஒரு மாணவி மூன்றாம் பாடவேளையில் தலைசுற்றி மேசையில் சாய்ந்தாள். "டயட்ல இருக்கேன் மிஸ். காலையில சாப்பிடறதில்ல" என்றாள். நான் எழுதியது தவறில்லை. ஆனால் பாதி உண்மைதான். மீதியைச் சொல்ல அடுத்த நாள் இரண்டு ஆய்வுகளை வகுப்புக்குக் கொண்டுசென்றேன்.

முதலாவது, 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்தியது. நலமான 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் எடையில் சுமார் கால் பங்கு குறைந்தது. கூடவே இதயத்துடிப்பு மந்தமானது. குளிர் தாங்க முடியவில்லை. நினைப்பெல்லாம் உணவைப் பற்றியே இருந்தது.

இரண்டாவது, கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்டது. தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தனர். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பக் கூடியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றலோ, எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

"அப்பாவுக்கு வேலை இல்லாத மாசம் அம்மா செலவைச் சுருக்குற மாதிரியா மிஸ்?" என்றான் ஒரு மாணவன். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. கொழுப்புத் திசு குறையும்போது அது சுரக்கும் லெப்டின் குறைகிறது, பசி கூடுகிறது. ஆகவே எடை திரும்புவதை மனஉறுதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் முயற்சியே வீணா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. சில வாரக் கட்டுப்பாடு நிலைக்காது. ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய பழக்கமே பயன் தரும். காய்கறி, பருப்பு, முட்டை சேர்ந்த உணவு, தினமும் விளையாட்டு, போதிய தூக்கம், இனிப்புப் பானங்களைக் குறைப்பது ஆகியவை அத்தகையவை. வளரும் வயதில் உணவைத் தவிர்ப்பது கூடாது. எடை பற்றிய கவலை இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வகுப்பில் எடை பார்க்கும் செயல்பாட்டை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வார உணவு, விளையாட்டு, தூக்கம் ஆகியவற்றை அவரவர் குறிப்பேட்டில் எழுதச் செய்கிறேன். யாரும் உரக்கப் படிக்க வேண்டியதில்லை. அந்த மாணவியின் கவலை முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.