சுவர் எழும்பும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. பேஸ்மென்ட் முடிந்து மண் நிரப்பித் திமிசு போட்டாயிற்று என்று அண்ணன் சொன்னார். குடும்பக் குழுவில் நீ போட்ட படங்களையும் பார்த்தேன். முகப்புக்கு விதவிதமாக த்ரீ-டி படம் போட்டு, எது நன்றாயிருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. கட்டட வரைபடம் வரைந்தே சம்பளம் வாங்கியவள் நான். எனக்குச் சொல்ல இருப்பது குழுவில் ஒரு வரியில் அடங்காது.

முகப்பைப் பற்றி ஊரையே கேள், தப்பில்லை. பூச்சு வேலை வரைக்கும் அதை மாற்றிக்கொள்ளலாம். பிறகு மாற்ற முடியாதவற்றைத்தான் நீ இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. அடுப்பங்கரையில் தினமும் நிற்கப்போகிறவர் மதினி. மேடை எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டால், “ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி” என்றுதான் சொல்வார். ஆகவே வாயால் கேட்டுப் பிரயோசனமில்லை. பேஸ்மென்ட்டின் மேல் சுண்ணாம்புப் பொடியால் சுவர்களைக் கோடு போடச் சொல். வாசல் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கட்டில், பீரோ, பிரிட்ஜ், அடுப்பு மேடை எல்லாவற்றையும் டேப் வைத்து நிஜ அளவில் வரையட்டும். பிறகு மதினியை அதற்குள் நடக்கவிடு. நீ மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிரு. பிரிட்ஜ் கதவைத் திறந்து, அரிசி களைந்து, உலை வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற மாதிரி ஒரு சுற்று வரட்டும். “இங்க கதவத் தொறந்தா நான் எங்க நிக்க?” என்று அவரே சொல்வார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். தடுப்புச் சுவரையோ கதவையோ தள்ளிப்போட இன்றைக்குச் செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. பீம்களுக்கு மேல் வரும் பெரிய சுவர்களில் மட்டும் கை வைக்காதே.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திறந்த வெளியில் கோடு போட்டுப் பார்த்தால் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லோரும் “இம்புட்டுதானா ரூம்பு?” என்பார்கள். பயந்து அளவைக் கூட்டாதே. சுவர் எழும்பியதும் அதே அறை பெரிதாகத் தெரியும்.

சுயசான்றுத் திட்டத்தில் அனுமதி உடனே கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாய். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, கள ஆய்வுக்குக் காத்திருக்காமல் அனுமதி வாங்கலாம் என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த வசதி அது. நல்ல வசதிதான். ஆனால் அனுமதிக்கு முன் எந்த அதிகாரியும் மனையை வந்து பார்க்கவில்லை, எல்லாவற்றுக்கும் நீயே சான்று கொடுத்திருக்கிறாய் என்பதை மறந்துவிடாதே. சுற்றிலும் விடவேண்டிய இடத்தைக் குறைத்து அறையை நீட்டலாம் என்று யாராவது குழுவில் யோசனை சொன்னால், அங்கேயே மறுத்துவிடு.

தீர்மானங்களை ஒரு நோட்டில் எழுது. என்ன முடிவு, எந்தத் தேதி, முக்கியமாக ஏன். உதாரணத்துக்கு, உன் மனை இருப்பது தென்காசியில். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று சாரலையும் சேர்த்து மேற்குச் சுவரில் தள்ளும். சித்திரையில் அதே மேற்குச் சுவரில் பிற்பகல் முழுக்க வெயில் இருக்கும். அதனால்தான் உன் இன்ஜினியர் மேற்கே ஜன்னலைச் சிறிதாக்கி, சன்ஷேடை இரண்டடி நீட்டியிருக்கிறார். படத்தைப் பார்த்தேன், நல்ல வேலை. நாளைக்கு ஒருவர், மலை தெரியும்படி பெரிய கண்ணாடி வைக்கலாமே என்பார். ஏன் என்பது எழுதியிருந்தால் உனக்குப் பதில் தயாராக இருக்கும். எழுதாமல் விட்டால் லிண்டல் மட்டத்தில் சுவரை இடிக்க வேண்டிவரும்.

இனி படங்கள். ரூஃப் கான்கிரீட் போடுகிற அன்று நீ பூஜைப் படமும் கலவை இயந்திரப் படமும் அனுப்புவாய். எனக்கு வேண்டியது முந்தின நாள் படம். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் விழுவதற்கு முன்னால், டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்தது. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து எடுக்கச் சொல். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. பல இடங்களில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகி வேலையை முடித்துவிடுவார்கள். ஆள் மிதித்ததும் அது நகர்ந்து, கம்பி பலகையில் படுத்துவிடும். ஈரம் கம்பிக்கு எளிதாக எட்டும். துருப்பிடித்த இரும்பு ஊதும். சில வருஷங்களில் கூரையின் அடிப்பக்கம் பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழுகிற வீடுகளைப் பார்த்திருப்பாயே, பெரும்பாலும் அதுதான் காரணம். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது.

அதேபோல பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், கரண்ட் பைப்பும் தண்ணீர்க் குழாயும் தெரியும்படி எடுத்துவை. பின்னாளில் ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். செப்டிக் டேங்க் மூடியும் மழைநீர்த் தொட்டியும் எங்கே என்று காம்பவுண்டிலிருந்து அளந்து நோட்டில் குறித்துவிடு.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதையும் தினம் ஒரு படமாகக் கேள். சிமென்ட் மூட்டையில் பிபிசி (PPC) என்று போட்டிருந்தால் ஐ.எஸ். 456 விதிப்படி பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. வெயில் கடுமையான நாட்களில் பதினான்கு. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திவிடலாம். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். தூணைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

குறை கண்ணில் பட்டால் குழுவில் எழுதாதே. மேஸ்திரியும் அதில் இருக்கிறார். அத்தனை பேர் பார்க்க அவரைக் கேள்வி கேட்டால் அடுத்த குறையை அவர் மூடித்தான் வைப்பார். தனியாகப் போன் பண்ணு, “அண்ணாச்சி, இத ஒரு தடவ பாத்திருங்க” என்று சொல். கேட்பார், நல்ல வேலைக்காரர். அண்ணனையும் நினைத்துக்கொள். எழுபது வயதில் வெயிலில் நின்று உனக்காகப் படம் எடுத்து அனுப்புகிறார். மஸ்கட்டிலிருந்து நீயும், கோயம்புத்தூரிலிருந்து உன் தங்கையும் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் அவர் யாருக்கென்று பதில் சொல்வார்? கேள்விகளைச் சேர்த்துவைத்து, சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு ஒரே தடவையாகக் கேள். பணக் கணக்கு உனக்கும் உன் மனைவிக்கும் அண்ணனுக்கும் இடையில் மட்டும் இருக்கட்டும்.

அவசரமாக ஒன்று. கீழ்த்தளக் குளியலறைக் கதவை இரண்டரை அடி என்று வரைந்திருக்கிறார்கள். நிலைச்சட்டம் போக இரண்டடி சொச்சம்தான் வழி. சக்கர நாற்காலி நுழையாது. மதினியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மூன்றடியாக்கு, வாசலில் படி வைக்காதே, சுவரில் கைப்பிடி வருகிற இடத்தையும் இப்போதே குறித்துவிடு. நிலைக்கு மரம் அறுக்க வரும் திங்கட்கிழமை கொடுக்கப்போகிறார்களாம். அதற்கு முன் அண்ணனிடம் அளவைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை